தகட்டில் ஐந்தாம் வரி

பெங்களூர் பிரேசர் டவுனில் காவிரித் தண்ணீர் தானாக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறிவிடாது. தரைக்குக் கீழே சம்ப்பில் விழும்; அங்கிருந்து மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு, ஸ்டீபன்ஸ் ரோடு என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்படியொரு மோட்டார் இருக்கும். அதன் உடம்பில் ரிவிட் அடித்த சிறிய உலோகத் தகடு ஒன்றும் இருக்கும். அந்தத் தகட்டையே நூலாகக் கொண்டு எழுதும் உரை இது. கம்பெனிப் பெயரையும் வரிசை எண்ணையும் தள்ளிவிட்டால் இந்த வகைத் தகடுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆங்கிலச் சுருக்கங்களை விரித்துத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

மூலம்

கிலோவாட் 2.2 / எச்.பி. 3
ஃபேஸ் 3
வோல்ட் 415 ± 10%
ஆம்பியர் 4.6
ஹெர்ட்ஸ் 50 ± 5%
ஆர்.பி.எம். 2880

ஆறு வரிகள். வினைச்சொல் ஒன்றுகூட இல்லை, எழுவாயும் இல்லை. மூலம் சொல்லாமல் விட்டதை வருவித்து உரைப்பது உரைகாரன் வேலை. இந்த நூலில் அநேகமாக எல்லா வரியிலும் விடுபட்டிருப்பது ஒன்றுதான்: எது அளக்கப்பட்டது என்பது. எதைக்கொண்டு அளந்தார்கள் என்பதை மட்டும் தகடு சொல்கிறது. பொருளின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் அலகின் பெயர் நிற்கிறது.

இதனால் மற்ற வரிகளில் பெரிய சிக்கல் வருவதில்லை. ‘வோல்ட்’ என்று படித்ததும் வோல்டேஜ் என்று மனம் தானே திருத்திக்கொள்ளும். ‘ஆம்பியர்’ என்றால் கரண்ட். ஐந்தாம் வரியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘ஹெர்ட்ஸ் கம்மியா வருது’ என்று சொல்வதைக் கேட்டிருப்போம். குறைவது ஹெர்ட்ஸ் அல்ல, அதிர்வெண்; பொறியாளர் பேச்சில் ஃபிரீக்வென்சி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தகட்டின் வழியாகவே பார்க்கலாம்.

‘கிலோவாட் 2.2 / எச்.பி. 3’

நூலின் திறவுகோல் முதல் வரியிலேயே இருக்கிறது. சாய்கோட்டுக்கு இரு புறமும் இரண்டு எண்கள், இரண்டு பெயர்கள். மோட்டாருக்கு இரண்டு திறன்கள் இருக்கின்றனவா? இல்லை, திறன் ஒன்றுதான். ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட். மூன்றுக்கு 2238 வாட். தகடு அதைச் சுருக்கி 2.2 கிலோவாட் என்கிறது. (இது தண்டில் கிடைக்கும் திறன். மின்கம்பியிலிருந்து மோட்டார் இழுப்பது இதைவிடக் கூடுதல்.)

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் துணியைக் கெஜத்தில் கிழித்தார்கள். 1956இல் எடை, அளவுச் சட்டம் வந்து படிப்படியாக மீட்டர் புழக்கத்துக்கு வந்தது. கடைக்காரரின் கோல் மாறியதே தவிர, பீரோவில் மடித்து வைத்திருந்த புடவை ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. நீளம் துணிக்குச் சொந்தம். மீட்டர் நாம் ஒப்புக்கொண்ட கோல். முதல் வரி சொல்லும் விதி இதுவே: பொருள் ஒன்றாக இருக்க அலகு பலவாகலாம். அலகு மாறினால் எண் மாறும்; பொருள் மாறாது.

‘ஃபேஸ் 3’, ‘வோல்ட் 415’, ‘ஆம்பியர் 4.6’

மூன்றையும் சுருக்கமாகவே கடக்கலாம். ‘ஃபேஸ் 3’ என்பது வெறும் எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு அலகு வேண்டியதில்லை. எனவே இந்த ஒரு வரியில் மட்டும் பொருளின் பெயரே தலைப்பில் நிற்கிறது. வோல்ட், ஆம்பியர் இரண்டும் ஆள்பெயரில் பிறந்த அலகுகள். ஒன்று வோல்டா, மற்றொன்று ஆம்பியர். அவற்றால் அளக்கப்படுபவை மின்னழுத்தமும் மின்னோட்டமும்.

மின்னழுத்தம் பற்றி ஒரு குறிப்பு மட்டும். அது இடத்துக்கு இடம் வேறுபடும். டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டில் ஒரு மதிப்பு, அதே லைனின் கடைசி வீட்டில் வேறொரு மதிப்பு. மாலையில் எல்லோரும் கீசர் போட்டால் இன்னும் இறங்கும். அடுத்த வரிக்குரிய பொருளோ இதற்கு நேர்மாறான குணம் உடையது.

‘ஹெர்ட்ஸ் 50 ± 5%’

நூலின் உயிர்நிலை இந்த வரி. எண், அலகு, விலக்கம் என மூன்று உறுப்புகள் இதற்கு. தனித்தனியே கொள்வோம்.

50: வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதல்ல. ஒரு திசையில் எழுந்து, உச்சம் தொட்டு, இறங்கி, எதிர்த்திசையில் அதேபோல் எழுந்து இறங்கிப் பழைய நிலைக்கு வந்தால் ஒரு சுழற்சி. ஒரு விநாடிக்குள் இது ஐம்பது முறை நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிவிநாடி. எவ்வளவு விரைவாக இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறதோ அதுவே அதிர்வெண். நாம் அளந்தாலும் அளக்காவிட்டாலும், ஹெர்ட்ஸ் என்ற பெயரே உலகில் இல்லாதிருந்தாலும், கம்பியில் அது நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதே அதிர்வெண்ணை நிமிடத்துக்கு 3000 சுழற்சி என்றும் எழுதலாம், 0.05 கிலோஹெர்ட்ஸ் என்றும் எழுதலாம். ஐம்பது, மூவாயிரம், புள்ளி சுழி ஐந்து. எண்கள் மூன்று, அதிர்வெண் ஒன்று. எனவே ‘50’ என்ற எண் தனியாக எதையும் சொல்லிவிடாது. பொருளை அலகால் வகுத்தால் கிடைப்பது அது.

இந்த அதிர்வெண் எங்கே உருவாகிறது? பிரேசர் டவுன் டிரான்ஸ்பார்மரில் அல்ல. டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும், அதிர்வெண்ணைத் தொடாது. ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தில் டர்பைன் தண்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறதே, அங்கே பிறக்கிறது அது. நீர்மின் நிலையத்தின் ஜெனரேட்டர் மெதுவாகச் சுழலும். ஆனால் அதில் காந்தத் துருவங்கள் அதிகம் என்பதால் விளைவு ஒன்றே. இப்படி ஆயிரக்கணக்கான மெகாவாட் எந்திரங்கள் ஒன்றோடொன்று கட்டுண்டு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. மக்கள் இழுக்கும் மின்சாரம் உற்பத்தியை மிஞ்சினால் எல்லா எந்திரங்களும் சேர்ந்து சற்றே தளரும், அதிர்வெண் இறங்கும். தேவை குறைந்தால் வேகம் பிடித்து ஏறும்.

அதனால் அதிர்வெண், கிரிட் எனப்படும் இந்த இணைந்த மின்வலை முழுமைக்கும் பொது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக கிரிட், நாட்டின் மற்றக் கிரிட்டோடு இணைந்தது. அதற்கு முன்பு வடக்கே ஒரு தாளம், தெற்கே ஒரு தாளம். இரண்டு பக்கமும் தகட்டில் 50 ஹெர்ட்ஸ் என்றுதான் இருந்தது. அலகும் ஒன்று, குறித்த எண்ணும் ஒன்று. ஆயினும் ஒரு கணத்தில் உண்மையாக இருந்த அதிர்வெண்கள் வேறுவேறு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் பின்னர் கிழக்கும் வடகிழக்கும் இருளில் மூழ்கியபோது தெற்கு தப்பியது இந்தத் தனித்தாளத்தால்தான். இலங்கையும் இன்றுவரை இப்படியே: தகட்டில் 50 ஹெர்ட்ஸ், ஆனால் தனி கிரிட், தனி அதிர்வெண்.

தென்மாநிலங்களின் அதிர்வெண்ணைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தென்மண்டல மின்பகிர்வு மையம் பெங்களூரிலேயே இருக்கிறது, ரேஸ் கோர்ஸ் கிராஸ் ரோட்டில். அங்கே பணிமுறையில் இருப்பவருக்கு ‘ஹெர்ட்ஸ்’ என்று வாயால் சொல்ல வேண்டிய தேவையே குறைவு. அலகு எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கண் வைத்திருப்பது புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கங்களில்.

ஹெர்ட்ஸ்: ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் ஜெர்மானிய இயற்பியலாளர். 1857இல் பிறந்து 1894இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தவர். கார்ல்ஸ்ரூஹே நகரில் 1887–88இல் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் கண்டறிந்து காட்டியவர். தண்ணீர் மோட்டாருக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1930இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் அவர் பெயரை அலகுக்குச் சூட்டியது. 1960இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு அதைச் சர்வதேச அலகு முறையில் சேர்த்தது. இலக்கணம் சிறியது: ஒரு விநாடிக்கு ஒரு சுழற்சி என்றால் ஒரு ஹெர்ட்ஸ்.

ஆகவே ஹெர்ட்ஸ் மின்வாரியத்தின் சொத்தல்ல. பெங்களூர் ஆகாசவாணி மத்திய அலையில் 612 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 6,12,000 சுழற்சி. கையிலிருக்கும் மொபைலின் திரை 120 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்கிறது. அது விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. அளக்கப்படும் பொருள் வானொலி அலை, திரை, மின்கம்பி என மாற, அலகு மாறாமல் நிற்கிறது.

அலகைப் பார்த்தே பொருளைச் சொல்லிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு தடை. கல்பாக்கம் போன்ற அணு நிலையங்களில் கதிரியக்கத்தை பெக்கெரல் என்ற அலகால் அளப்பார்கள். விநாடிக்கு ஓர் அணுக்கருச் சிதைவு ஒரு பெக்கெரல். கணக்குப்படி பார்த்தால் ஹெர்ட்ஸும் பெக்கெரலும் ஒன்றே. இரண்டுமே ‘விநாடிக்கு இத்தனை’. ஆனாலும் தாளம் தவறாமல் மீள்வதற்கு மட்டும் ஹெர்ட்ஸ் என்றும், தற்செயலாக நிகழும் கதிரியக்கச் சிதைவுக்கு மட்டும் பெக்கெரல் என்றும் விதி செய்திருக்கிறார்கள். அளக்கப்படும் பொருள் வேறு என்பதற்காகவே ஒரே கணக்குக்கு இரண்டு பெயர்கள்.

± 5%: ‘ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம்’ என்று பொருள். எது கூடலாம்? மூலத்தை இருப்பதுபோல் படித்தால் ஹெர்ட்ஸ் கூடிக் குறையும் என்றாகும். அது தவறு. ஹெர்ட்ஸ் நகராது. விநாடி என்பதே 1967 முதல் சீசியம் அணுவின் கதிர்வீச்சைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது: 9,192,631,770 சுழற்சிகள் கொண்டது ஒரு விநாடி. அந்த விநாடியிலிருந்து வரும் ஹெர்ட்ஸ், பெங்களூரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே ஹெர்ட்ஸ்தான். கூடிக் குறைவது அதிர்வெண். ஐம்பதில் ஐந்து சதவீதம் 2.5, எனவே கம்பியில் வரும் அதிர்வெண் 47.5 முதல் 52.5 ஹெர்ட்ஸ் வரை எதுவாயினும் மோட்டார் பொறுத்துக்கொள்ளும் என உரைக்க.

மோட்டார் பொறுக்கும், கிரிட் பொறுக்காது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் மூன்று சதவீத விலக்கம் வரை அனுமதித்தன, அதாவது 48.5 முதல் 51.5. தேவை உற்பத்தியை மிஞ்சி நின்ற 1990களில் தென்னக கிரிட் அந்தக் கீழ்வரம்பையும் அடிக்கடி கடந்தது. அதிர்வெண் தாழ்ந்தால் நீராவி டர்பைனின் நீண்ட இதழ்கள் தமக்கு ஆகாத வேகத்தில் அதிர்ந்து சேதமடையும். எந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கடைசியில் ஊரே இருளும்.

2003 ஜனவரி 1 முதல் தென்மண்டலத்தில் புதுக் கட்டணமுறை ஒன்று வந்தது. ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு மாநிலம் மின்சாரம் இழுத்தால், அதற்கான விலையை அந்நேரத்து அதிர்வெண்ணே முடிவு செய்தது. அதிர்வெண் 50.5ஐ எட்டினால் விலை பூஜ்யம்; இறங்க இறங்க விலை ஏறும். ஓர் இயற்பியல் பொருளே சந்தை விலையாயிற்று. இன்றைய கிரிட் விதி கேட்கும் பட்டை 49.90 முதல் 50.05 வரை மட்டுமே. தகட்டின் ஐந்து சதவீதத்தோடு ஒப்பிட்டால் நூலிழை.

2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடெங்கும் ஒன்பது நிமிடம் விளக்கணைத்தோமே, அன்று சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் தேவை சரிந்து மீண்டது. நீர்மின் நிலையங்களை வேகமாக இறக்கி ஏற்றி, அதிர்வெண்ணை 49.70க்கும் 50.26க்கும் இடையே பிடித்து வைத்தார்கள். அப்படியும் அதிர்வெண் அந்தப் பட்டையைச் சற்றே மீறியது. மோட்டார்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

‘ஆர்.பி.எம். 2880’

இதுவும் ‘காலத்துக்கு இத்தனை முறை’ என்ற கணக்குத்தான். விநாடி போய் நிமிடம் வந்திருக்கிறது. அறுபதால் வகுத்தால் தண்டு விநாடிக்கு 48 முறை சுழல்கிறது. மேல்வரி ஐம்பது, கீழ்வரி நாற்பத்தெட்டு. முரணா? அல்ல. மேல்வரி மின்னோட்டத்தின் அதிர்வெண். கீழ்வரி இரும்புத் தண்டின் சுழற்சி.

இரண்டு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும். தண்டு அதைத் துரத்தும், ஆனால் எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் உள்ளே மின்னோட்டம் தூண்டப்படாது, திருப்புவிசை இருக்காது. இந்தப் பின்தங்கலுக்கு ‘ஸ்லிப்’ என்று பெயர். இங்கே 120 சுற்று, அதாவது நான்கு சதவீதம். ஆகவே சுழலியில் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 அல்ல, அதில் நான்கு சதவீதம்: 2 ஹெர்ட்ஸ். ஒரே மோட்டாரின் வெளிக் காயிலில் 50 ஹெர்ட்ஸ், உள்ளே 2 ஹெர்ட்ஸ். அலகு ஒன்று, அதிர்வெண் இரண்டு, இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ‘இது 50 ஹெர்ட்ஸ் மோட்டார்’ என்பது பேச்சு வழக்கு. ‘50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மின்சாரத்தில் ஓடுவதற்கென்று செய்த மோட்டார்’ என்பது உரை.

பாடபேதம்: ‘சைக்கிள் 50’

பழைய மின்விசிறி, பழைய மோட்டார்களின் தகட்டில் ஐந்தாம் வரி வேறு மாதிரி இருக்கும்: ‘சைக்கிள் 50’. மூத்த எலக்ட்ரீஷியன்கள் இன்றும் ‘ஐம்பது சைக்கிள்’ என்றே சொல்வார்கள். ‘விநாடிக்கு’ என்பது அதில் தொக்கி நிற்கிறது. சைக்கிள் போய் ஹெர்ட்ஸ் வந்தபோது எந்த மோட்டாரும் அசையவில்லை. ஒரு வைண்டிங்கையும் பிரித்துக் கட்டவில்லை. இது பாடபேதம் மட்டுமே; பொருள் ஒன்று.

பாடம் அப்படியே இருக்கப் பொருள் மாறிய கதையும் இந்த ஊருக்கு உண்டு. காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் 1902இல் மின்நிலையம் தொடங்கியது. முதலில் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்குப் போன அந்த மின்சாரம், 1905 ஆகஸ்டில் பெங்களூர் நகரத் தெருவிளக்குகளுக்கு வந்தது. 1898இன் பிளேக்குக்குப் பிறகு கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு, மைசூர் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃபிரேசர் பெயரில் பிரேசர் டவுன் எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். சிவனசமுத்திரத்தில் அன்று பிறந்தது 50 அல்ல, 25 சைக்கிள் மின்சாரம். நயாகரா நீர்வீழ்ச்சியிலும் அதே 25தான். மெதுவாகச் சுழலும் நீர் எந்திரங்களுக்கும் நெடுந்தூர லைனுக்கும் அது ஒத்துவந்தது.

சைக்கிள் என்ற அலகு அதேதான், மாறுபட்டது அதிர்வெண். அதன் விளைவு காகிதத்தோடு நிற்காது. நம் தகட்டு மோட்டாரை அந்த மின்சாரத்தில் பூட்டினால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000க்குப் பதில் 1500 முறைதான் சுற்றும். 415 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் இரும்பு தாங்கும் அளவுக்கு மேல் காந்தமேறி, மின்னோட்டம் பெருகி, காயில் கருகும். 25 சைக்கிளுக்கான டிரான்ஸ்பார்மரில் இரும்பு கூடுதலாக வேண்டும். பல்பு ஒளியில் மெல்லிய துடிப்பும் தெரியும். சைக்கிளை ஹெர்ட்ஸ் ஆக்கத் தகடு அச்சடிப்பவர் போதும். 25ஐ 50 ஆக்க ஜெனரேட்டர் முதல் மோட்டார் வரை மாற்ற வேண்டும். அலகுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டிவிட முடியாது.

இன்று அந்த 25ஐ வேண்டுமென்றே உண்டாக்கும் கருவி லிஃப்ட் அறையிலும் புதிய பம்ப் அறையிலும் மாட்டியிருக்கிறது: வி.எஃப்.டி. என்னும் அதிர்வெண் மாற்றி. நம்ம மெட்ரோ ரயிலும் மூன்றாம் தண்டவாளத்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தை இவ்வாறே வேண்டிய அதிர்வெண்ணுக்கு மாற்றித்தான் வேகம் பிடிக்கிறது. இந்தக் கருவி 415ஐ 50ஆல் வகுத்த விகிதத்தை, அதாவது ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் என்பதை, ஏறக்குறையக் காத்துக்கொள்ளும். 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அழுத்தத்தையும் பாதியாக்கிவிடும், காயில் கருகாது. அதன் சிறு திரையில் 50, 40, 25 என எண் ஓடும்போது பக்கத்திலிருக்கும் ‘ஹெர்ட்ஸ்’ என்ற எழுத்து அசையாமல் நிற்கும். பம்பின் இரைச்சல் மட்டும் எண்ணோடு சேர்ந்து தணியும்.

பொழிப்பு

விடுபட்டவற்றையெல்லாம் வருவித்து, ஆறு வரிகளையும் தொகுத்து உரைத்தால்:

மூன்று ஃபேஸ் மின்சாரத்தில், 415 வோல்ட் மின்னழுத்தத்தில், விநாடிக்கு ஐம்பது முறை திசை சுழன்று மீளும் அதிர்வெண்ணில் என்னைப் பூட்டினால், 4.6 ஆம்பியர் மின்னோட்டம் இழுத்து, நிமிடத்துக்கு 2880 முறை சுழன்று, கிலோவாட்டில் சொன்னால் 2.2, குதிரைத்திறனில் சொன்னால் 3 ஆகிய ஒரே திறனைத் தண்டில் தருவேன். அழுத்தம் பத்து சதவீதமும் அதிர்வெண் ஐந்து சதவீதமும் ஏறி இறங்கினாலும் பொறுப்பேன். அலகுகளுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை; அதிர்வெண்ணை மாற்றுவதாக இருந்தால் என் காயிலைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.